கெளுத்தி செத்து மிதக்காது

ஏரியிலோ ஆற்றிலோ கழிவு கலந்த சேதி, பெரும்பாலும் மீன்கள் செத்துக் கரை ஒதுங்கிய பிறகுதான் வெளியே வருகிறது. அதிகாரிகள் வந்து பாட்டிலில் தண்ணீர் பிடித்துப் போகிறார்கள். சில நாளில் நாற்றம் அடங்குகிறது, அதோடு பேச்சும் அடங்கிவிடுகிறது. செத்து ஒதுங்கிய குவியலில் கெண்டை இருக்கும், ஜிலேபி இருக்கும். தேளியையும் நாட்டுக் கெளுத்தியையும் தேடித்தான் பார்க்க வேண்டும். அவை சேற்றுக்குள் உயிரோடு கிடக்கின்றன. உயிரோடு இருப்பதாலேயே அவற்றுக்கு ஒன்றும் ஆகவில்லை என்று நாம் கணக்கை முடித்துவிடுகிறோம். அந்தக் கணக்கு தப்பு என்று இந்திய மீன் உடலியல் ஆய்வுகள் நாற்பது ஆண்டுகளுக்கும் மேலாகச் சொல்லிவருகின்றன.

இந்த மீன்கள் ஏன் சாவதில்லை என்பதிலிருந்து தொடங்க வேண்டும். வட இந்தியாவில் சிங்கி என்று அழைக்கப்படும் தேளிக்கு, செவுள் அறையிலிருந்து கிளம்பி முதுகுத் தசைக்குள் வால்பக்கமாக நீளும் இரண்டு காற்றுப் பைகள் உண்டு. மகுர் என்று அங்கே பெயர் பெற்ற நாட்டுக் கெளுத்திக்கு, செவுளுக்கு மேலே கிளை கிளையாகப் பிரிந்த செந்நிற உறுப்பு ஒன்று இருக்கிறது. தண்ணீரில் ஆக்சிஜன் தீர்ந்துபோனால் இரண்டும் மேலே வந்து ஒரு வாய் காற்றை விழுங்கிவிட்டுத் திரும்பவும் அடிக்குப் போய்விடும். அம்மோனியாவையும் இவை தாங்கும். பெரும்பாலான மீன்கள் உடலில் உண்டாகும் அம்மோனியாவைச் செவுள் வழியாக அப்படியே தண்ணீரில் விட்டுவிடுகின்றன. சாக்கடை கலந்து வெளியிலேயே அம்மோனியா மிகுந்துவிட்டால் அவற்றுக்கு அந்த வழி அடைபடுகிறது. தேளியும் மகுரும் அதை யூரியாவாக மாற்றிக்கொள்ளும் வல்லமை பெற்றவை. ஷில்லாங்கில் உள்ள வடகிழக்கு மலைப் பல்கலைக்கழகத்தில் என். சாஹாவும் பி.கே. ரதாவும் 1980களில் இதை விரிவாக நிறுவினார்கள். மற்ற மீனைக் கொல்லும் குட்டையில் இவை வாழ்வதன் சூட்சுமம் இதுதான்.

நச்சுத்தன்மையை அளக்கும் பழைய முறையும் சாவையே எண்ணுகிறது. தொட்டியில் மீன்களை விட்டு, பூச்சிக்கொல்லியைக் கலந்து, 96 மணி நேரத்தில் பாதி மீன்கள் சாகும் அளவு எது என்று குறித்துக்கொள்கிறார்கள். அந்த அளவுக்குப் பத்தில் ஒரு பங்கு, இருபதில் ஒரு பங்கு நஞ்சு கலந்த நீரில் மீன் ஓராண்டைக் கழித்தால் அதற்குள் என்ன நடக்கும் என்ற கேள்விக்கு அதில் இடமே இல்லை. ஆறுகளில் உண்மையாக நடப்பதோ அதுதான். நான்கு நாள் வெள்ளமாக வந்து போகும் நஞ்சைவிட, ஆண்டு முழுதும் கசிந்துகொண்டே இருக்கும் நஞ்சுதான் அதிகம்.

தேளியின் ஓராண்டைப் பார்த்தால் விஷயம் தெளிவாகும். வட இந்தியச் சூழலில் நவம்பர் முதல் ஜனவரி வரை அதன் சினைப்பை சுருங்கிக் கிடக்கும். பிப்ரவரியில் பகல் நீள, தண்ணீர் வெதுவெதுப்பாக, மூளையின் ஹைப்போதலாமஸ் வேலையைத் தொடங்குகிறது. அது சுரக்கும் தூண்டல் ஹார்மோன், மூளையின் அடியில் உள்ள பிட்யூட்டரி என்ற சிறு சுரப்பியைத் தட்டி எழுப்புகிறது. பிட்யூட்டரியின் ஹார்மோன்கள் இரத்தத்தில் ஏறிச் சினைப்பையை அடைகின்றன. சினைப்பையின் உயிரணுக்கள் முதலில் டெஸ்டோஸ்டிரோனை உண்டாக்கி, பிறகு அரோமட்டேஸ் என்ற நொதியின் துணையால் அதை எஸ்ட்ராடயாலாக மாற்றுகின்றன. எஸ்ட்ராடயாலின் அடுத்த பயணம் கல்லீரலுக்கு. அங்கேதான் பெரிய வேலை நடக்கிறது. எஸ்ட்ராடயால் வந்து சேர்ந்ததும் கல்லீரல், வைட்டெல்லோஜெனின் என்ற புரதத்தைப் பெருமளவில் செய்து இரத்தத்தில் விடுகிறது. கொழுப்பு, பாஸ்பரஸ், கால்சியம் எல்லாவற்றையும் சுமந்துகொண்டு அந்தப் புரதம் மீண்டும் சினைப்பைக்கு வந்து, ஒவ்வொரு முட்டைக்குள்ளும் மஞ்சள் கருவாகப் படிகிறது. மே, ஜூன் மாதங்களில் தாய் மீனின் வயிறு புடைத்துத் தெரிவதற்கு இதுவே காரணம்.

இவ்வளவும் நடந்து முடிந்தாலும் முட்டை இன்னும் கருவுறும் நிலைக்கு வரவில்லை. பருவமழையின் புதுத் தண்ணீர் வந்ததும் பிட்யூட்டரி ஒரே பாய்ச்சலாக ஹார்மோனை வெளிவிடுகிறது. சினைப்பை எஸ்ட்ராடயாலை விட்டுவிட்டு, முட்டையை முதிரவைக்கும் வேறொரு ஸ்டீராய்டைச் செய்யத் தொடங்குகிறது. முட்டையின் நடுவில் இருந்த உட்கரு ஓரத்துக்கு நகர்ந்து கரைகிறது. அதன் பிறகே முட்டை வெளியேறத் தயாராகிறது. மாதக்கணக்கில் நடப்பது முதல் கட்டம், மணிக்கணக்கில் முடிவது இரண்டாம் கட்டம். இந்த வித்தியாசத்தை நினைவில் வைத்துக்கொண்டால் மீதிக் கதை எளிதில் பிடிபடும்.

பொரிப்பகங்களில் போடும் ஹார்மோன் ஊசி இந்த இரண்டாம் கட்டத்துக்கானது. இதற்கும் இந்தியாவில் நீண்ட வரலாறு உண்டு. பிட்யூட்டரிச் சாற்றை ஊசியாகப் போட்டுத் தேளியை முட்டையிட வைத்ததை எல்.எஸ். ராமசாமியும் பி.ஐ. சுந்தரராஜும் 1956இல் ‘சயின்ஸ்’ இதழில் வெளியிட்டார்கள். அதற்கு அடுத்த ஆண்டு ஜூலை 10 அன்று கட்டக்கில் ஹீராலால் சௌத்ரியும் கே.எச். அலிக்குன்ஹியும் கெண்டை இனங்களில் அதே வழியில் வெற்றி கண்டார்கள். அந்த நாள்தான் இன்று தேசிய மீன் விவசாயிகள் தினம். சாற்றுக்குப் பதிலாக இப்போது தயார்நிலை மருந்துகள் வந்துவிட்டன. பரவலாகப் புழங்கும் ஓவாப்ரிம் மருந்தின் ஒரு மில்லியில், சால்மன் மீனின் தூண்டல் ஹார்மோனைப் போலச் செயற்கையாகச் செய்த பொருள் 20 மைக்ரோகிராமும், டோம்பெரிடோன் 10 மில்லிகிராமும் இருக்கின்றன. நாம் வாந்திக்கு விழுங்கும் அதே டோம்பெரிடோன்தான். பிட்யூட்டரியை அடக்கி வைத்திருப்பது மூளையில் சுரக்கும் டோபமின் என்ற வேதிப்பொருள். டோம்பெரிடோன் அந்தப் பிடியைத் தளர்த்துகிறது, செயற்கை ஹார்மோன் முடுக்குகிறது.

மகுர் பொரிப்பகத்தில் இதைச் செய்யும் விதம் சற்றுக் கடினமானது. முதுகுத் துடுப்புக்கும் பக்கக் கோட்டுக்கும் நடுவிலுள்ள தசையில் ஊசி இறங்குகிறது. பதினைந்து மணி நேரத்துக்கு மேல் காத்திருந்து, பெண் மீனின் வயிற்றை மெதுவாக அழுத்தினால் பழுப்பு நிற முட்டைகள் தட்டில் வழிகின்றன. ஆண் மீனிடமிருந்து விந்தை அப்படி அழுத்தி எடுக்க முடியாது. அதைக் கொன்று, விந்தகத்தை வெட்டியெடுத்து, உப்புக் கரைசலில் மசித்து, முட்டைமீது ஊற்றிக் கலக்க வேண்டும். ஏறத்தாழ ஒரு நாளில் குஞ்சு பொரிக்கும். ஒவ்வொரு முறையும் ஓர் ஆண் மீனை விலையாகக் கொடுத்துச் செய்யும் வேலை என்பதால், வந்த முட்டை தரமில்லாததாக இருந்தால் பண்ணைக்காரருக்கு இழப்பு இரட்டிப்பாகிறது.

இனி மாசுகளுக்கு வருவோம். அவை இந்தச் சங்கிலியின் எல்லாக் கண்ணிகளையும் தொடுகின்றன.

காசி இந்துப் பல்கலைக்கழகத்தின் விலங்கியல் துறை இந்த வகை ஆய்வுகளின் தாய்வீடு எனலாம். அங்கே கே.பி. ஜாயும் ஆர். கிருபாகரனும் நாட்டுக் கெளுத்தியைப் பாதரசச் சேர்மங்களில் வைத்து ஆராய்ந்து, 1988 முதல் வரிசையாக வெளியிட்டார்கள். மெர்க்குரிக் குளோரைடு, மெதில் பாதரசம் ஆகியவற்றோடு அவர்கள் எடுத்துக்கொண்ட மூன்றாவது பொருள் எமிசான். இதைப் படிக்கும் கரும்பு விவசாயிகள் சிலருக்கு அந்தப் பெயர் பழக்கமானதாக இருக்கும். கரும்பு விதைக்கரணைக்கும் உருளைக்கிழங்கு விதைக்கும் நேர்த்தி செய்யப் பயன்பட்ட பூஞ்சணக்கொல்லி அது. கரைசலில் மிச்சம் இருந்தது வாய்க்காலில் போயிற்று. மூன்று பொருள்களிலும் முடிவு ஒரே திசையில் இருந்தது. பருவம் வந்தும் சினைப்பை வளரவில்லை. மீன் நீந்திக்கொண்டிருந்தது, இரை தின்றது, முட்டை மட்டும் நிறையவில்லை. எமிசானில் உள்ள பாதரசச் சேர்மத்தை இந்திய அரசு தடை செய்தது 2018 ஆகஸ்டில். ஆய்வு வெளிவந்ததற்கும் தடை வந்ததற்கும் இடையே முப்பது ஆண்டுகள். இதை எழுதும்போது எனக்குக் கோபம் வருகிறது, மறைக்க விரும்பவில்லை.

பூச்சிக்கொல்லிகளின் கதையும் அதே பல்கலைக்கழகத்தில்தான் தொடங்குகிறது. மாலத்தியான், லிண்டேன் போன்றவற்றைச் சாகடிக்காத சிறு அளவில் கொடுத்தபோது, தேளியிலும் மகுரிலும் பிட்யூட்டரியின் ஹார்மோனும் டெஸ்டோஸ்டிரோனும் எஸ்ட்ராடயாலும் சரிந்தன. ஆய்வகத் தொட்டியில் நடப்பது ஆற்றிலும் நடக்குமா என்று கேட்பது நியாயம். அதற்கான பதில் உத்தரப் பிரதேசத்தின் ஜௌன்பூரிலிருந்து வந்தது. அங்குள்ள குஜர்தால் நீர்நிலையின் மீன்களையும், கோமதி, கங்கை ஆறுகளில் பிடித்த மீன்களையும் இனப்பெருக்கப் பருவத்தில் ஒப்பிட்டு 2008இல் பி.பி. சிங்கின் குழு வெளியிட்டது. மாசுபட்ட ஆற்று மீன்களின் உடலில் பூச்சிக்கொல்லி எச்சம் கூடுதல், இரத்தத்தில் பாலின ஹார்மோன் குறைவு. ஒப்பிட்டவற்றில் கெளுத்தி வகைகளும் இருந்தன.

கல்லீரலின் நிலைமையைத் தனியாகச் சொல்ல வேண்டும். நஞ்சை உடைத்து வெளியேற்றும் பொறுப்பும் அதற்கே, மஞ்சள் கருப் புரதத்தைச் செய்யும் பொறுப்பும் அதற்கே. எஸ்ட்ராடயால் குறைந்து கட்டளையே பலவீனமாக வந்து சேரும் அதே பருவத்தில், நஞ்சைச் சமாளிக்கும் நொதிகளுக்கும் புரதம் செய்ய வேண்டியிருக்கிறது. கல்லீரலில் சேமித்த கொழுப்பும் சினைப்பைக்குப் போக வேண்டிய நேரத்தில் போவதில்லை. அப்படியும் உண்டாகிற கொஞ்சம் மஞ்சள் கரு, கொழுப்பில் கரையும் பூச்சிக்கொல்லிகளையும் சேர்த்துச் சுமந்துகொண்டு முட்டைக்குள் போகிறது. பிறக்காத குஞ்சின் முதல் உணவில் தாயின் நஞ்சு கலந்திருக்கிறது.

கால்சியம் இன்னொரு முடிச்சு. முட்டை நிறைக்கும் பெண் மீனுக்கு வழக்கத்தைவிட அதிகக் கால்சியம் தேவை. வைட்டெல்லோஜெனின் அதைத் தன்னோடு இழுத்துக்கொண்டு போகிறது. நன்னீர் மீன் கால்சியத்தைப் பெரும்பாலும் செவுள் வழியாகத் தண்ணீரிலிருந்தே எடுக்கிறது. அந்த வாசலில் காட்மியம் என்ற நச்சு உலோகம் வந்து உட்கார்ந்துகொள்கிறது. கால்சியம் நுழையும் அதே வழியில் காட்மியமும் நுழைந்து வழியை அடைத்துவிடும். தேளியின் இரத்தத்தில் கால்சியம் எப்படிச் சரிகிறது, அதைச் சீர்செய்யும் சுரப்பிகள் எப்படி மாறுகின்றன என்பதைக் கோரக்பூரில் அஜய் குமார் ஸ்ரீவஸ்தவின் குழு பல மாசுகளுக்குத் தனித்தனியாக ஆராய்ந்து காட்டியிருக்கிறது.

இவற்றோடு மன உளைச்சல் ஹார்மோன் என்று நாம் அறிந்த கார்டிசோலும் சேர்கிறது. மீனுக்கு அது தலைச் சிறுநீரகத்தில் சுரக்கிறது. கொஞ்ச நேரம் சுரந்தால் உயிர் காக்கும். வாரக்கணக்கில் உயர்ந்தே இருந்தால் நோய் எதிர்ப்பும் இனப்பெருக்கமும் பின்னுக்குப் போகும். தைராய்டு ஹார்மோனும் பூச்சிக்கொல்லியால் குறைகிறது. இந்த இரண்டையும் விரித்தால் தனிக் கட்டுரையாகிவிடும்.

இதுவரை பார்த்தவை ஹார்மோனைக் குறைக்கும் மாசுகள். ஹார்மோன் வேடத்தில் வருபவை வேறு வகை. கருத்தடை மாத்திரையில் உள்ள எத்தினைல் எஸ்ட்ராடயால் சிறுநீர் வழியாகச் சாக்கடைக்கு வருகிறது. துணி ஆலைகளிலும் சலவைப் பொருள்களிலும் பயன்படும் சில வேதிப்பொருள்கள் சிதைந்து நோனைல்பினால் ஆகின்றன. இவற்றைக் கல்லீரல் எஸ்ட்ராடயால் என்றே எடுத்துக்கொள்ளும். ஆண் மீனின் கல்லீரலிலும் வைட்டெல்லோஜெனின் செய்யும் மரபணு இருக்கிறது; கட்டளை வராததால் அது உறங்குகிறது, அவ்வளவுதான். பொய்க் கட்டளை வந்ததும் ஆண் மீன் மஞ்சள் கருப் புரதத்தைச் செய்யத் தொடங்குகிறது. அதை வைக்க முட்டை இல்லாததால் இரத்தத்திலேயே தேங்கிச் சிறுநீரகத்தைப் பாதிக்கிறது.

எவ்வளவு சிறிய அளவு போதும் என்பதற்குக் கனடாவின் ஒன்ராறியோவில் நடந்த சோதனை சான்று. கேரன் கிட் தலைமையில் 2001 முதல் 2003 வரை ஒரு முழு ஏரியில் எத்தினைல் எஸ்ட்ராடயாலைக் கலந்தார்கள். அளவு, ஒரு லிட்டருக்கு 5 முதல் 6 நானோகிராம். ஒரு கிராமை நூறு கோடியாகப் பிரித்தால் கிடைக்கும் ஒரு துணுக்கே ஒரு நானோகிராம். அந்த ஏரியின் சிறு மீன் இனம் ஒன்று ஏறக்குறைய அற்றுப்போனது. அது கெளுத்தி அல்லதான். ஆனால் கெளுத்திக் குஞ்சுகளின் பாலினம் முடிவாகும் பருவத்தில் இத்தகைய செயற்கை ஹார்மோன்கள் புகுந்தால் சினைப்பையும் விந்தகமும் உருவாகும் மரபணு ஒழுங்கே மாறுகிறது என்பதை ஹைதராபாத் பல்கலைக்கழகத்தில் பி. செந்தில்குமரனின் குழு கெளுத்தி இனங்களிலேயே காட்டியிருக்கிறது.

கெளுத்தியின் மீசையைப் பற்றிச் சொல்லாமல் போக முடியாது. கலங்கிய நீரில் கண்ணைவிட அதற்கு மீசைதான் துணை. சுவை மொட்டுகள் அதில் நிறைந்திருக்கின்றன. அமெரிக்கக் கெளுத்தி இனம் ஒன்றில் 1965இல் வெளியான ஆய்வு, பத்து லட்சத்தில் அரைப் பங்கு சலவைச் சோப்பு வேதிப்பொருள் கலந்தாலே அந்த மொட்டுகள் சிதையும் என்று காட்டியது. நுரை மிதக்கும் நம் ஏரிகளில் கெளுத்தி இரையைக் கண்டுபிடிக்கத் திணறிக்கொண்டிருக்கலாம். இரை குறைந்தால் கல்லீரலில் கொழுப்பு சேராது, கொழுப்பு சேராவிட்டால் சினையும் சேராது.

தண்ணீர் தெளிந்துவிட்டால் சரியாகிவிடுமா? அமெரிக்காவின் ஒஹையோ மாநிலத்தில் பிளாக் ஆற்றில் நடந்ததைப் பார்க்கலாம். அங்கே நிலக்கரியைச் சுட்டு கோக் என்ற எரிகரி செய்யும் கரையோர ஆலையின் கழிவு படிந்த சேற்றில் வாழ்ந்த பழுப்புக் கெளுத்திகளுக்குக் கல்லீரல் புற்றுநோய் மிகுந்திருந்தது. 1983இல் ஆலை மூடப்பட்டதும் புற்றுநோய் வெகுவாகக் குறைந்தது. 1990இல் ஆற்றைத் தூர்வாரியபோது அடியில் புதைந்திருந்தது கிளறப்பட்டு மறுபடி கூடியது; பின்னர்தான் தணிந்தது. சேற்றில் படுத்துச் சேற்றில் மேயும் மீனுக்கு மேலே ஓடும் நீரின் தெளிவு பாதி ஆறுதல்தான். தமிழ்நாட்டில் தோல் கழிவும் சாயக் கழிவும் படிந்த பாலாற்று, நொய்யல் நீர்நிலைகளைத் தூர்வாரும் திட்டம் போடுபவர்கள் இந்த அனுபவத்தைக் கட்டாயம் படித்திருக்க வேண்டும்.

இங்கேதான் ஹார்மோன் ஊசியின் எல்லையும் தெரிகிறது. ஆற்றில் குஞ்சு குறைந்தால் பொரிப்பகத்தில் ஊசி போட்டுப் பெருக்கிவிடலாம் என்று ஒரு நம்பிக்கை பரவியிருக்கிறது. நாட்டுக் கெளுத்தி அருகிவரும் இனமாகப் பன்னாட்டு இயற்கைப் பாதுகாப்பு ஒன்றியத்தின் பட்டியலில் ஏறிவிட்டது. அதைப் பொரிப்பகத்தில் பெருக்குவது அவசியம்தான், நான் மறுக்கவில்லை. ஆனால் ஊசி முடுக்குவது கடைசி மணி நேரங்களை மட்டுமே. பிப்ரவரியிலிருந்து ஜூன் வரை கல்லீரல் செய்து அனுப்பாத மஞ்சள் கருவை எந்த மருந்தாலும் ஓர் இரவில் நிரப்ப முடியாது. சினை முற்றாத மீனுக்கு ஊசி போட்டால் முட்டை வராது, வந்தாலும் பொரிக்காது என்பது பண்ணைக்காரர்கள் எல்லோருக்கும் தெரிந்ததே. மாசுபட்ட நீரிலிருந்து தாய் மீனைப் பிடித்துவந்து, முட்டை சரியில்லை என்று மருந்தின் அளவைக் கூட்டிக்கொண்டே போவது ஆண் மீன்களை வீணாகப் பலி கொடுப்பதில்தான் முடியும். தாய் மீனைக் குறைந்தது ஒரு முழுப் பருவமாவது நல்ல தண்ணீரில், நல்ல தீனியில் வைத்து வளர்த்த பிறகே ஊசியை எடுக்க வேண்டும்.

அரசின் அளவுகோலும் மாற வேண்டும். மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் நீர்நிலைகளைப் பயன்பாட்டுக்கேற்பத் தரம் பிரித்திருக்கிறது. மீன்வளத்துக்கும் வன உயிர்களுக்கும் உரியது ‘டி’ பிரிவு. அதில் பார்ப்பவை மூன்று: கார அமில நிலை 6.5 முதல் 8.5 வரை, கரைந்த ஆக்சிஜன் லிட்டருக்கு 4 மில்லிகிராமுக்குக் குறையாமல், தனி அம்மோனியா 1.2 மில்லிகிராமுக்கு மிகாமல். தேளி காற்றை விழுங்கும், அம்மோனியாவை யூரியாவாக்கும். மூன்றும் சரியாக இருக்கும் ஆற்றிலும் அதன் சினை வற்றலாம். சினையை வற்றச் செய்யும் பொருள்களில் ஒன்றைக்கூட இந்த மூன்று எண்களும் காட்டிக்கொடுக்காது. ஹார்மோன் குலைவைக் கண்டறியப் பொருளாதார ஒத்துழைப்பு மற்றும் வளர்ச்சி அமைப்பு வகுத்த 21 நாள் சோதனை இருக்கிறது. அதற்கு ஏற்ற இனங்களாகச் சொல்லப்பட்டவை வரிக்குதிரை மீன் போன்ற சிறிய ஆய்வக மீன்கள். நம் ஆற்றுக் கெளுத்தி அவற்றில் இல்லை.

இதற்காகக் கோடிக்கணக்கில் கருவி வாங்கக் காத்திருக்க வேண்டியதில்லை. மீனை எடை போட்டு, வயிற்றைத் திறந்து, சினைப்பையைத் தனியாக எடை போட்டு, உடல் எடையில் அது எத்தனை சதவீதம் என்று கணக்கிடுவது கல்லூரி விலங்கியல் மாணவர்கள் ஆண்டுதோறும் செய்யும் பயிற்சி. கூடவே கல்லீரலையும் எடை போட்டுவிடலாம். ஓர் ஆற்றின் மேல்பகுதியிலும் கழிவு கலக்கும் இடத்துக்குக் கீழும் பிடித்த மீன்களை இப்படி ஒப்பிட்டு, மாவட்ட மீன்வளத் துறை ஆண்டுதோறும் வெளியிட்டால் போதும், பத்து ஆண்டுகளில் எந்த ஆற்றில் எது சரிகிறது என்று தெரிந்துவிடும். ஆண் மீனின் இரத்தத்தில் வைட்டெல்லோஜெனின் இருக்கிறதா என்ற சோதனையைச் சந்தேகம் வரும் இடங்களில் மட்டும் பல்கலைக்கழக ஆய்வகங்களுக்கு அனுப்பிக்கொள்ளலாம். ஒன்றில் கவனம் வேண்டும்: சினை நிறையும் மே, ஜூன் என்பது கங்கைச் சமவெளியின் கணக்கு. வடகிழக்குப் பருவமழையை நம்பியிருக்கும் நம் ஆறுகளில் அந்த மாதங்கள் எவை என்பதை ஒவ்வொரு படுகைக்கும் முதல் ஆண்டிலேயே தனியாகக் குறித்துக்கொண்டுதான் எடை போடத் தொடங்க வேண்டும்.